நாற்பத்தொன்பது சதவீத வீடு

ராச்செஸ்டர், மினசோட்டா
ஜூலை 2

பெல் கிராசிங் நகரத்தின் வெள்ளச் சமவெளி அதிகாரி அவர்களுக்கு,

"எதுவானாலும் எழுத்துல குடு" என்று வரிசையில் ஆள் நிற்கும்போது சொன்னாய் அல்லவா? இதோ கொடுக்கிறேன், வாங்கிக்கொள். அக்கா என்று எழுதவில்லை. அன்றைக்கு அந்தக் கவுண்டருக்குப் பின்னால் அக்காவைத் தேடினேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு அம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்குள் வந்தாய். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ உட்கார்ந்து சாப்பிட்ட சமையலறையில் ரப்பர் பூட்ஸோடு நின்று சுவரைத் தட்டினாய், தரையைக் குத்தினாய், தாளில் டிக் அடித்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வாசல் கதவில் மஞ்சள் தாள். சேதம் அறுபத்தெட்டு சதவீதமாம். வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டதால் பழையபடி பழுது பார்க்கக் கூடாதாம். வீட்டை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கு, இல்லாவிட்டால் இடி. கீழே கையெழுத்து: ஆர்லிஸ் ஹாவ்கன். அந்த ஹாவ்கன் என் பெயரிலும் இருக்கிறது என்பதாவது எழுதும்போது நினைவுக்கு வந்ததா?

எதிர்க்கரையில் மேப்பிள் ஃபெரியைப் பார். அங்கே வெர்னும் உன்னைப் போல ஒரு அதிகாரிதான். காரை விட்டுக்கூட இறங்கவில்லை என்கிறார்கள். தெரு முழுக்க நாற்பத்தொன்பது. பாதிச் சுவர் ஆற்றோடு போன வீட்டுக்கும் நாற்பத்தொன்பது. அந்த ஊரில் இப்போதே பெயின்ட் வாசனை அடிக்கிறது. இங்கே நானும் என் மனைவி சோல்வெய்க்கும் மகன் வீட்டு முன்னறையில், பேரன்களின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம். வெர்ன் யாருக்கும் சொந்த அக்கா இல்லை, ஆனாலும் அவனுக்கு மனசு இருக்கிறது.

அப்புறம் இந்த "நூறாண்டு வெள்ளம்". எனக்குக் கல்யாணமான வருஷம் ஒன்று வந்தது. மகன் பள்ளி முடித்த வருஷம் ஒன்று. இப்போது ஒன்று. எனக்கு இன்னும் எழுபதே ஆகவில்லை. தலைநகரத்தில் எவனோ எண்ணத் தெரியாமல் எழுதிவைத்ததற்கு நான் வீட்டை இடிக்க வேண்டுமா?

நாற்பத்தொன்பது என்று மாற்றி எழுது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

ஓரின் ஹாவ்கன்


பெல் கிராசிங், அயோவா
ஜூலை 8

தம்பி ஓரினுக்கு,

கடிதம் வந்தது. பிரிப்பதற்கு முன்பே கத்தல் கேட்டது.

சமையலறையில் நான் பேசவில்லை என்கிறாய். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அம்மாவின் அலமாரி கதவு வீங்கிப் பிளந்து கிடந்ததைப் பார்த்த பிறகு என்ன பேசச் சொல்கிறாய்?

முதலில் அந்த நூறு. அது நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம் இல்லை. எந்த ஒரு வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். தீயணைப்புப் படை விருந்தில் குலுக்கல் நடத்துகிறோமே, அதைப் போல நினைத்துக்கொள். நூறு சீட்டு, ஒன்றில் பரிசு. எடுத்த சீட்டைத் திரும்பப் பெட்டியில் போட்டு, அடுத்த வருஷம் மறுபடி குலுக்கி எடுக்கிறோம். போன வருஷம்தான் விழுந்தது என்று பெட்டிக்கு ஞாபகம் இருக்காது. எல்மர் ரூட் அடுத்தடுத்த வருஷம் பரிசுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு போனபோது எழுந்து நின்று கைதட்டியவன் நீதான்.

முப்பது வருஷக் கடனில் வீடு வாங்குகிறவனுக்கு, கடன் தீர்வதற்குள் ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. நாலில் ஒன்று என்று பலகை வைத்தால் ஆற்றோரம் எவனும் வீடு வாங்க மாட்டான். நூறாண்டு என்றால் நம் காலத்தில் வராது என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவான். அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைக்காதே.

இன்னும் கேள். அந்த மட்டத்தைக் கணக்கிட்டபோது ஆற்றுக்கு மேல்புறம் எல்லாம் சோளக்காடு. இன்றைக்கு அங்கே கிடங்குகளும் தார் போட்ட கார் நிறுத்தமும். மழை ஊற இடமே இல்லை, அப்படியே ஆற்றுக்குள் இறங்குகிறது. அந்த மட்டமே குறைச்சல், மேலே இரண்டடி சேர்த்து விதி போடுங்கள் என்று மூன்று வருஷமாக நகரசபையில் மன்றாடுகிறேன். "ஆர்லிஸுக்கு மழை மேகத்தப் பாத்தாலே காய்ச்சல் வந்துரும்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் உன் குரலும் இருந்தது.

வெர்னின் மனசைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வெள்ளக் காப்பீட்டில், வீட்டைத் தூக்கவோ வேறிடத்துக்கு நகர்த்தவோ தனியாக ஒரு தொகை உண்டு. சேதம் பாதிக்கு மேல் என்று அதிகாரி எழுதினால்தான் அது கிடைக்கும். நாற்பத்தொன்பது என்று எழுதிய அன்றே அந்தத் தெருவுக்கே அந்த வழியை வெர்ன் அடைத்துவிட்டான். அவர்கள் அவனுக்குக் கேக் சுட்டுக் கொடுக்கிறார்களாம்.

நீ எவ்வளவு கேலி செய்தும் சோல்வெய்க் காப்பீட்டை விடவில்லை. அதனால் உனக்கு அந்தத் தொகை கிடைக்கும். என் வீட்டுக்குப் பக்கத்தில் மேட்டு நிலம் சும்மாதான் கிடக்கிறது. வீட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து வை. அப்பா எனக்கு எழுதிவைத்த நிலம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

ஆர்லிஸ்


ராச்செஸ்டர்
ஜூலை 17

ஆர்லிஸுக்கு,

முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

மேட்டை உனக்கும் ஆற்றங்கரையை எனக்கும் பிரித்தபோது அப்பா என்ன சொன்னார்? "அவன் ஆம்பளப் பையன், தண்ணி வந்தா சமாளிச்சுக்குவான்." சமாளித்தேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு, சாயங்காலங்களில் அந்த வீட்டைப் பலகை பலகையாக நானே செய்தேன். இப்போது உன் வேலிக்குள் வந்து உன் கோழிகளோடு அடைய வேண்டுமா?

தூக்கினால் என்ன என்று கேட்பாய். உன் விதிப்படி தூக்கினால் வாசலுக்கு ஒரு மாடி அளவு படி வரும். சோல்வெய்க்கின் இடது கால் பக்கவாதத்துக்குப் பிறகு வெறும் பாரம் என்பது உனக்குத் தெரியும். அவளுக்காகத்தானே அந்தச் சாய்வுப் பாதையை என் கையால் போட்டேன்? சக்கர நாற்காலி அதில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மின்தூக்கி வைக்கலாமா என்று காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையன் பேசினான். "அது சௌகரியம் சார், பாதுகாப்பு இல்ல. அதுக்கு நாங்க தர மாட்டோம்" என்றான். தண்ணீர் எத்தனை அடி வரும், தரை எத்தனை அடியில் இருக்க வேண்டும், தரைக்குக் கீழே எந்த மரம், எந்த ஆணி, எல்லாம் உன் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தரைக்கு ஏறிப்போகிற மனுஷி எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? தேடிச் சொல். வெள்ளம் அவளை ஒரு நாள் வெளியே தள்ளியது. உன் விதி ஆயுசுக்கும் வெளியே தள்ளுகிறது.

இன்னொன்றையும் மறந்துவிட்டாய். என் வீடு வெள்ளப் பகுதியில் இல்லை என்று அரசாங்கமே கொடுத்த கடிதம் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, நிலம் வெள்ள மட்டக் கோட்டுக்கு அரை அடி மேலே என்று நிரூபித்து வாங்கியது. அன்றைக்கு ஊருக்கே விருந்து வைத்தேன், நீயும் வந்து சாப்பிட்டாய். புது வரைபடம் வந்ததும் அது செல்லாது என்று நீ சொன்னாய்தான். நிலம் அதே இடத்தில் இருக்கும்போது கடிதம் மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனுப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட்டில் விசாரணை. அங்கே சந்திப்போம்.

ஓரின்


பெல் கிராசிங்
ஆகஸ்ட் 9

ஓரினுக்கு,

ஜெயித்துவிட்டாய். ஐந்து பேர் குழுவில் உனக்கு மூன்று ஓட்டு, எனக்கு இரண்டு. வாழ்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். உன்னோடு மீன் பிடிக்கப் போகிற மூன்று பேர் குழுவில் உட்கார்ந்திருந்ததையும், "சொந்தத் தம்பிக்கே இப்படிச் செஞ்சா மத்தவங்களுக்கு என்ன செய்வா" என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்ததையும்கூட. ஆனால் அந்தக் கணக்கைக் குறைத்த விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஓரினே தச்சு வேலை செஞ்சுக்குவான், கூலி கிடையாது. மரம் அவன் மச்சான் குடுக்கறான், அதுக்கும் காசு கிடையாது. சர்ச் ஆளுங்க வந்து பெயின்ட் அடிச்சுடுவாங்க. அப்ப செலவு எங்க வந்துச்சு?" என்றான் குழுத் தலைவன். கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நீயும் ஆட்டினாய். நம் ஊரில் பெரும்பாலோருக்கு அது தப்பாகவே படவில்லை. வெள்ளம் வடிந்ததும் சுத்தியலோடு பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்பதுதானே நம் பழக்கம். அதற்கெல்லாம் விலை போடுவது நமக்கு அசிங்கம்.

விதியில் தெளிவாக இருக்கிறது, எழுந்து நின்று படித்தும் காட்டினேன்: சொந்த உழைப்பும் தானமாக வந்த பொருளும் சந்தை விலையில் கணக்கில் சேர வேண்டும். ஏன் தெரியுமா? வீடு எவ்வளவு உடைந்தது என்பதுதான் கேள்வி. யார் இலவசமாக ஒட்டவைப்பார்கள் என்பது அல்ல. அவர்கள் அதைத் தள்ளிவிட்டு உன் கை வேலைக்கு நேரே பூஜ்யம் போட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கைக்குப் பூஜ்யம்! அதைக் கேட்டு நீ சிரித்துக்கொண்டே கை குலுக்கினாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதியாவது உனக்கு வந்திருக்க வேண்டும்.

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. குழுத் தலைவனே போட்டுக்கொண்டான்.

சோல்வெய்க் கடைசி வரிசையில் நாற்காலியில் இருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரும்போது பக்கத்தில் போய்க் குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. என்னவென்று அவளைக் கேள்.

ஆர்லிஸ்


ராச்செஸ்டர்
செப்டம்பர் 14

அக்கா,

கேட்டேன். கேட்டதை எழுதுகிறேன்.

மூன்று வாரம் வேலை செய்தேன். சுவர்ப் பலகை அடித்தாயிற்று, சமையலறை முடிந்தது. அம்மாவின் அலமாரிக்குப் புதுக் கதவு போட்டேன். நேற்று சோல்வெய்க்கைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் பளிச்சென்று இருந்தது. ஆறு வற்றிக் கல் தெரிந்தது, ரூட் வீட்டுப் பிள்ளைகள் கால் நனையாமல் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சாய்வுப் பாதைக்கு நேரே காரை நிறுத்தி நாற்காலியை விரித்தேன். அவள் சீட்டு பெல்ட்டைக் கழற்றவில்லை.

"நான் இறங்கல."

"ஏன்? உள்ள வந்து பாரு, புதுசு மாதிரி இருக்கு."

"நல்லா இருக்கும். நீ செஞ்சது. நான் இறங்கல."

"தண்ணி எங்க இருக்குன்னு பாரு சோல்வெய்க். கணுக்காலுக்குக்கூட இல்ல."

"அன்னிக்கு மத்தியானமும் இப்பிடிச் சொல்லிட்டுத்தானே மணல் மூட்டை அடுக்கப் போன?"

அக்கா, அன்றைக்கு நான் கடைத்தெருவில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆறு கரையைத் தாண்டவில்லை என்று அவளை வரவேற்பறையில் விட்டுவிட்டுத்தான் போனேன். தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை, பின்னால் வாய்க்கால் வழியாக வந்தது. தீயணைப்புப் படகு அவளை ஜன்னல் வழியாக எடுத்தது. இதுவரைதான் எனக்குத் தெரியும். மீதியை அவள் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

"நாற்காலி சக்கரம் தண்ணியோட வந்த சேத்துல பதிஞ்சுடுச்சு, நகரவே இல்ல" என்றாள். "எனக்கு நேரே சுவத்துல உன் கடிதம். வேற எதப் பாக்கறது? அதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த இடம் வெள்ளப் பகுதியில் இல்லை, இந்த இடம் வெள்ளப் பகுதியில் இல்லைன்னு. தண்ணி மடிக்கு வந்துச்சு. அப்புறம் நெஞ்சுக்கு வந்துச்சு."

விரித்த நாற்காலியை மடித்துக் காரின் மேல் சாய்த்தேன்.

"இப்ப இன்னொரு தாள் வாங்கிட்டு வந்திருக்க. நாப்பத்தொம்போது. அதையும் சட்டம் போட்டு மாட்டு. தண்ணி வந்து படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுமா?"

நான் கோபப்பட்டேன் அக்கா. அவளிடமும் கோபப்பட்டேன். படி ஏற முடியாது, இங்கேயும் இருக்க மாட்டேன் என்றால் நான் என்னதான் செய்வது என்று காரின் கூரையில் குத்தினேன். அவள் அமைதியாக, "ஆர்லிஸ் அந்த மேட்டச் சொன்னாளே, அங்க தரையோட தரையா வீட்ட வெச்சா படி எதுக்கு? உன் ரோஷம்தான் என்னால ஏற முடியாத படி" என்றாள்.

உள்ளே போய் அந்தச் சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடியை உடைக்கலாம் என்றுதான் எடுத்தேன், உடைக்கவில்லை. இப்போது கார் டிக்கியில் கிடக்கிறது.

நீ எழுத்தில் கேட்பாய். எனவே எழுதுகிறேன்: பெல் கிராசிங், மில் தெருவில் உள்ள என் வீட்டின் சேதம், என் கூலியையும் சேர்த்து, அறுபத்தெட்டு சதவீதம். குழு கொடுத்த நாற்பத்தொன்பதை ரத்து செய்ய வேண்டுகிறேன். கோழிக்கூடு வேலிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. அது மட்டும் என் நிபந்தனை.

ஓரின்


பெல் கிராசிங்
செப்டம்பர் 20

தம்பி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். சோல்வெய்க்குக்கு என் முத்தம்.

ரத்துக்கான மனு போய்விட்டது. அறுபத்தெட்டில் என் கையெழுத்து இருக்கிறது. நிலம் உறைவதற்குள் அஸ்திவாரம் போட்டாக வேண்டும், வீடு நகர்த்துகிற ஆட்களிடம் பேசிவிட்டேன். கோழிக்கூட்டைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம்.

இத்தோடு நிறுத்தினால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் முடியாது. நீ ஜெயித்த மறுநாளிலிருந்து மில் தெருவே என் கவுண்டரில் நின்றது. "ஓரினுக்குக் குடுத்தீங்களே, எங்களுக்கு என்ன கேடு?" என்று. உன் கணக்கை அப்படியே நகல் எடுத்துக் கொண்டுவந்தார்கள். என் பையன் கூரை போடுவான், பூஜ்யம். என் தம்பி மின்சார வேலை பார்ப்பான், பூஜ்யம். குழு எல்லாருக்கும் நாற்பத்தொன்பது கொடுத்துவிட்டது. கிளாடிஸ் ஸ்டோர்லிக்கும்தான். எண்பது தாண்டிய கிழவி, தனியாக இருக்கிறாள், இடுப்பு எலும்புக்குப் பதில் இரும்பு வைத்திருக்கிறது. உன் வீடு மேட்டுக்கு வந்த பிறகு அந்தத் தெருவிலேயே தாழ்வான வீடு அவளுடையதுதான்.

நான் போனேன். கதவைத் திறக்கவில்லை. நான் அவள் வீட்டுக்கு அறுபது சொச்சம் எழுதியவள், எனக்கு எதற்குத் திறப்பாள்? நீ போ. நீ காட்டிய வழிதானே. கோபித்துக்கொண்டே போனாலும் சரி, போ.

ஆர்லிஸ்


பெல் கிராசிங், மேட்டுத் தெரு
நவம்பர் 11

வெள்ளச் சமவெளி அதிகாரி அவர்களுக்கு,

உன் சமையலறை விளக்கு என் மேசையிலிருந்து தெரிகிறது. குரல் கொடுத்தால் கேட்கும். ஆனாலும் எழுத்தில் கொடுக்கிறேன், பதிவு எண் போட்டு வாங்கிக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். வீடு வண்டியில் வந்த அன்று பள்ளிக்கூட முனையில் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தபோது கூரை உரசுமோ என்று நீ கத்தியது ஊருக்கே கேட்டது. உரசவில்லை. நேற்று சோல்வெய்க் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். யாரையும் தொட விடவில்லை. வரவேற்பறையில் அந்தக் கடிதச் சட்டத்தின் ஆணி காலியாக இருந்தது. "எங்க அது?" என்று கேட்டாள். டிக்கியில் என்றேன். எடுத்துவந்து மாட்டச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். மாட்டியிருக்கிறேன்.

இப்போது புகார்.

கிளாடிஸ் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவை திறக்கவில்லை. நேற்று திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சோல்வெய்க் சொன்னதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ மேல போயிட்ட. இப்ப கீழ இருக்கறவளுக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்றாள். "உனக்கு அக்கா இருக்கா, அக்காவுக்கு மேட்டு நிலம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா? அறுபதுன்னு எழுதினா வீட்டத் தூக்கணும். தூக்கினா இந்த இடுப்போட நான் எப்பிடி ஏறுவேன்? நீயே சொல்லு, ஏறிக் காட்டு." சாத்திவிட்டாள். அக்கா, ஜூலையில் நான் உன்னைக் கேட்ட அதே கேள்வி. என் கேள்வி தீர்ந்துவிட்டது என்பதற்காக அவள் கேள்வி தீர்ந்துவிடுமா?

அந்தக் குழுவில் எனக்கு ஓட்டுப் போட்ட மூவரையும் பார்த்தேன். மீன் பிடிக்க இனி வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். "நீ கேட்டதத்தானே குடுத்தோம்?" என்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பதற்கு எதற்கு ஒரு குழு?

வியாழக்கிழமை நகரசபையில் உன் இரண்டடி விதி ஓட்டுக்கு வருகிறது. நான் வருவேன், சோல்வெய்க்கும் வருவாள். இந்தத் தடவை முதல் வரிசையில் உட்காருவோம். யாராவது சிரித்தால் நான் எழுந்து நிற்பேன். உனக்காக ஓட்டுக் கேட்பேன், ஆனால் சும்மா கேட்க மாட்டேன். அந்த விதியில் இன்னொரு வரி சேர வேண்டும்: எந்த வீட்டைத் தூக்கச் சொன்னாலும் அதில் இருக்கிறவர் அங்கே எப்படி ஏறுவார் என்று முதலில் எழுத வேண்டும். அதற்கு வழி இல்லாவிட்டால் மேட்டில் இடம் கொடுப்பது நகரத்தின் பொறுப்பு. பழைய பால்பண்ணை மைதானம் நகரத்துக்குத்தான் சொந்தம், புல் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அது முடியாது, விதியில் அப்படி இடமே இல்லை என்று நீ சொல்வாய். அதையும் வாயால் சொல்லாதே. எழுத்தில் கொடு. நான் அதைக் கிளாடிஸிடம் கொண்டுபோய் வாசலில் நின்று படித்துக் காட்ட வேண்டும்.

உன் தம்பி,
ஓரின்